ரஷ்ய ஓபரா, லண்டன் கம்பெனி, பெல்கிரேட் பாடகர்கள்: ஓஸ்கார் டானோன் யார்?

பழைய ஓபரா ஒலிப்பதிவுகளை இணையத்தில் துழாவுகிறவர்கள் என்றாவது ஒருநாள் இந்தக் குழப்பத்தில் வந்து நிற்பார்கள். சைக்கோவ்ஸ்கியின் 'யெவ்கெனி ஒனேகின்', பொரொதினின் 'இளவரசர் ஈகர்', கிளிங்காவின் 'ஜாருக்காக ஓர் உயிர்' என்று மூன்று ரஷ்ய ஓபராக்கள். வெளியிட்டது லண்டனின் டெக்கா இசைத்தட்டு கம்பெனி. பாடியவர்களின் பெயர்களோ போபோவிச், சாங்கலோவிச், புகாரினோவிச் என்று போகின்றன. பதிவான ஊர் பெல்கிரேட், வருடம் 1955, நடத்தியவர் ஓஸ்கார் டானோன். சரி, யார் இவர் என்று தேடினால் ஓர் இடத்தில் செர்பிய இசை நடத்துநர் என்று இருக்கும், இன்னோர் இடத்தில் போஸ்னியர், மற்றோர் இடத்தில் யூகோஸ்லாவியர், வேறெங்கோ சரயேவோ யூதர்.

நாலுமே சரிதான். ஏன் சரி என்பதைப் பார்க்கப் போனால், பிரிட்டிஷ் கம்பெனி ரஷ்ய ஓபராவுக்காக ஏன் பெல்கிரேடுக்குப் போனது என்பதற்கும் விடை கிடைத்துவிடும். ஒரு நடத்துநரின் தொழில் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் திறமை, குரு, பரிசு என்றே எழுதுவார்கள். டானோன் விஷயத்தில் அது போதாது. அவர் எங்கே நின்றார், எந்த வருடம் நின்றார், பக்கத்து வல்லரசுகள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய வாழ்க்கை புரியும். அடிப்படையிலிருந்து வருவோம்.

முதலில் சில பதவிப் பெயர்கள்

மேற்கத்திய இசையில் நடத்துநர் என்றால் மேடையில் குச்சியோடு நிற்கிறவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சிம்பொனிக் கச்சேரி நடத்துவதும் ஓபரா நடத்துவதும் கிட்டத்தட்ட இரண்டு வேலைகள்.

கச்சேரியில் வாத்தியக்காரர்கள் எல்லோரும் அவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோர் முன்னாலும் இசைத்தாள் இருக்கிறது, சில நாள் ஒத்திகை, பிறகு ஒன்றிரண்டு மாலை நிகழ்ச்சி. ஓபராவில் ஆர்கெஸ்ட்ரா மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் இருக்கும்; பாடகர்கள் மேலே, மனப்பாடமாக, உடை போட்டுக்கொண்டு, நடித்துக்கொண்டு, சிலசமயம் முதுகைக் காட்டிக்கொண்டு பாடுவார்கள்; கோரஸ் இன்னும் பின்னால். பள்ளத்தில் இருப்பவருக்கு மேடை சரியாகக் கேட்காது, மேடையில் இருப்பவருக்குப் பள்ளம் சரியாகக் கேட்காது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கிற ஒரே ஆள் நடத்துநர். பாடகி ஒரு சுரத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தால் அறுபது எழுபது பேரை அவர் கையால் நிறுத்தி வைக்க வேண்டும். யாராவது இரண்டு வரி தாண்டிப் போய்விட்டால் அந்த நொடியிலேயே ஆர்கெஸ்ட்ராவையும் தாண்ட வைக்க வேண்டும். இதை மூன்று மணி நேரம் செய்ய வேண்டும்.

அப்புறம் பதவிகள். செய்திகளில் இவை கலந்து கட்டி வருவதால்தான் பாதிக் குழப்பம்.

1. முதன்மை நடத்துநர்: ஓர் ஆர்கெஸ்ட்ராவோடு பல வருட ஒப்பந்தத்தில் இருப்பவர். வருடத்தில் குறிப்பிட்ட வாரங்கள் நடத்துவார், புது வாத்தியக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் அவர் குரலுக்கு மதிப்பு உண்டு, அந்தக் குழு எப்படி ஒலிக்கிறது என்பதற்கு அவர் பொறுப்பு.

2. விருந்தினர் நடத்துநர்: ஒரு நிகழ்ச்சிக்கோ ஒரு வாரத்துக்கோ வந்துபோகிறவர். புகழ் வரும், அதிகாரம் வராது.

3. ஒத்திகைப் பியானோக்காரர்: பாடகர்களுக்குத் தனித்தனியாகப் பாடம் ஏற்றுகிறவர். ஐரோப்பாவில் பெரும்பாலான ஓபரா நடத்துநர்கள் இங்கேதான் ஆரம்பிப்பார்கள். பத்து வருடம் பியானோ முன்னால் உட்கார்ந்து, ஒருநாள் பெரியவருக்குக் காய்ச்சல் வந்தால் குச்சி கைக்கு வரும்.

4. ஓபரா இயக்குநர்: எந்த ஓபரா போடுவது, யாரை வேலைக்கு எடுப்பது, எந்த வேடம் யாருக்கு, எந்த ஊருக்குப் பயணம் என்று முடிவுசெய்கிறவர். நடிப்பைச் சொல்லிக்கொடுக்கும் மேடை இயக்குநர் வேறு, இவர் வேறு. இது பாதி கலை, பாதி நிர்வாகம், கொஞ்சம் அரசியல்.

டானோன் மூன்றாவது படியில் பத்து வருடம் காத்திருந்து மேலே வந்தவர் இல்லை. போர் முடிகிற நேரத்தில் நேராக நான்காவது இடத்தில் உட்கார்ந்தார். எப்படி என்பது பின்னால் வரும்.

நிரந்தரக் குழு என்கிற ஏற்பாடு

இன்னும் ஒரு தொழில்நுட்ப விஷயம் பாக்கி. இது இல்லாமல் 1955 புரியாது.

ஓபரா அரங்குகள் இரண்டு விதம். ஒரு விதத்தில், ஒவ்வொரு தயாரிப்புக்கும் உலகம் முழுவதிலும் இருந்து பாடகர்களைக் கூலிக்கு அழைத்து வருவார்கள், ஏழெட்டு நாள் காட்சி நடக்கும், எல்லோரும் கலைந்துபோவார்கள். இன்னொரு விதத்தில், அரங்கத்துக்கு என்று மாதச் சம்பளப் பாடகர்கள், கோரஸ், ஆர்கெஸ்ட்ரா எல்லாம் உண்டு. இன்று வெர்டி, நாளைக்கு முசோர்க்ஸ்கி, மறுநாள் பாலே என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு தயாரிப்பு பத்து வருடம்கூட கையிருப்பில் இருக்கும்.

பெல்கிரேட் தேசிய நாடக அரங்கம் இரண்டாவது வகை. அங்கே நாடகம், ஓபரா, பாலே மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே. இந்த ஏற்பாட்டுக்குக் குறைகள் உண்டு: நட்சத்திரக் குரல்கள் குறைவு, சில இரவுகளில் சலிப்பு அப்பட்டமாகக் கேட்கும். ஆனால் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. ஒரே ஆட்கள் ஒரே பாட்டைப் பல வருடம் சேர்ந்து பாடியிருப்பார்கள். நாளைக்கே ஒலிவாங்கி வைத்தாலும் முழு ஓபராவையும் தருவார்கள்.

ரஷ்ய ஓபரா பெல்கிரேடில் எப்படி வேர்விட்டது

செர்பியாவின் ஓபரா மரபு ரொம்பப் பழையது இல்லை. ஸ்தானிஸ்லாவ் பினிச்கி என்ற ராணுவ இசைக்குழுத் தலைவர் எழுதிய 'நா உரான்கு' என்ற ஒற்றை அங்க ஓபரா 1903-ல் மேடையேறியது. அதைத்தான் முதல் செர்பிய ஓபரா என்கிறார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு பெல்கிரேட் நிரந்தர ஓபரா பிரிவு உருவானபோது அதன் முதல் தலைவரும் அவரே. அடுத்து ஸ்தேவான் ஹ்ரிஸ்திச். லைப்சிக்கில் படித்தவர், 1923-ல் பெல்கிரேட் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கி அதன் முதல் முதன்மை நடத்துநர் ஆனவர், ஓபராவுக்கும் பல வருடம் இயக்குநராக இருந்தவர், அதோடு இசையமைப்பாளரும்கூட. சின்ன நாட்டில் ஆட்கள் குறைவு என்பதால் ஒரே மனிதர் நாலு நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது. அந்தப் பழக்கம் டானோன் காலம் வரை தொடர்ந்தது.

ரஷ்யத் தொடர்பு வந்தது வேறு வழியாக. 1917 புரட்சிக்கும் அதன்பின் நடந்த உள்நாட்டுப் போருக்கும் பிறகு பல பத்தாயிரம் ரஷ்யர்கள் தப்பி வந்து யூகோஸ்லாவியாவில் குடியேறினார்கள். தளபதிகள், பாதிரியார்கள், பேராசிரியர்களோடு பாடகர்கள், நடனக்காரர்கள், மேடை ஓவியர்கள், ஒப்பனைக்காரர்களும் வந்தார்கள். புதிதாகத் தொடங்கிய ஓர் ஓபரா அரங்கத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? பெல்கிரேட் பாலே என்பதே கிட்டத்தட்ட இவர்கள் கட்டியது. ஓபராவிலும் 'போரிஸ் கொதுனோவ்', 'ஒனேகின்' எல்லாம் அவர்களுடைய நினைவிலிருந்து நேராக பெல்கிரேட் மேடைக்கு வந்தவை. மொழி நெருக்கம் வேறு இருந்தது. செர்பியப் பாடகருக்கு ரஷ்ய உச்சரிப்பு இத்தாலியரைப் போலவோ ஆங்கிலேயரைப் போலவோ கஷ்டம் இல்லை. வாத்தியம் இல்லாமல் குரலால் மட்டும் பாடும் ஆர்த்தடாக்ஸ் தேவாலய இசையில் வளர்ந்தவர்கள் என்பதால் ஆழமான ஆண் குரல்களுக்கும் பஞ்சம் இல்லை.

சரயேவோ, பிராக், காடு

ஓஸ்கார் டானோன் 1913-ல் சரயேவோவில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசின் ஊர். குடும்பம் செபார்டிக் யூதக் குடும்பம், அதாவது 1492-ல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு ஓட்டோமான் நிலங்களில் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். அவருக்கு ஒரு வயது ஆனபோது அதே ஊரில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார், உலகப் போர் வெடித்தது, அது முடிந்தபோது பேரரசே இல்லை.

இசை படிக்க பிராக் போனார். அங்கே நடத்துநர் பயிற்சி, அதோடு சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தில் இசையியலில் முனைவர் பட்டம், 1938-ல். 1930-களின் பிராக் யூகோஸ்லாவிய மாணவர்களுக்கு இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொடுத்தது: ஒன்று நவீன இசை, இன்னொன்று இடதுசாரி அரசியல். அங்கே டானோனுக்குக் கொஞ்சம் முன்னால் அதே பாதையில் போனவர் வொயிஸ்லாவ் வூச்கோவிச். அவரும் நடத்துநர், அவரும் இசையியல் முனைவர், அவரும் கம்யூனிஸ்ட். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது 1942 டிசம்பரில் பெல்கிரேடில் போலீசாரால் கொல்லப்பட்டார். டானோனின் வாழ்க்கையைப் படிக்கும்போது வூச்கோவிச்சையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஒரே படிப்பு, ஒரே கட்சி. ஒருவர் ஓபரா இயக்குநர் ஆனார், இன்னொருவர் முப்பத்திரண்டு வயதில் இறந்தார்.

பிராகிலிருந்து திரும்பிய டானோன் சரயேவோவில் 'கொலேகியும் ஆர்த்திஸ்திகும்' என்ற கலைக்குழுவை 1939-ல் நண்பர்களோடு தொடங்கினார். இசை, நாடகம், நடனம், ஓவியம் எல்லாவற்றையும் சேர்த்துப் போடும் முற்போக்குக் கூட்டம் அது. 1941 ஏப்ரலில் ஹிட்லரின் படை யூகோஸ்லாவியாவுக்குள் வந்ததும் அது முடிந்தது. சரயேவோ, ஹிட்லர் பக்கம் நின்ற உஸ்தாஷா என்ற பாசிச இயக்கம் ஆட்சி நடத்திய குரோஷிய அரசின் கைக்குப் போனது. அந்த ஊரின் யூதர்களில் பெரும்பாலானோர் அந்தப் போரில் கொல்லப்பட்டார்கள். டானோன், கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் பார்ட்டிசான் கெரில்லாப் படையில் சேர்ந்தார்.

அங்கே அவர் எழுதிய மெட்டுகளில் ஒன்று நாடு முழுக்கப் பரவியது. வரிகள் விளாதிமிர் நாசோர் என்ற குரோஷியக் கவிஞருடையவை. 1942 கடைசியில், அறுபத்தாறு வயதில், ஸாக்ரெபை விட்டு பார்ட்டிசான்களோடு போய்ச் சேர்ந்த மனிதர் அவர். அந்தப் பாட்டில் டிட்டோவும் ஸ்டாலினும் ஒன்றாகப் புகழப்பட்டார்கள். இந்த விவரம் கொஞ்சம் கழித்து வேண்டியிருக்கும்.

முப்பத்தியொரு வயது இயக்குநர்

1944 அக்டோபர் 20-ம் தேதி பெல்கிரேட் விடுவிக்கப்பட்டது. 1941-ல் ஜெர்மானிய விமானங்கள் குண்டுபோட்ட ஊர், 1944-ல் நேசநாட்டு விமானங்களும் குண்டுபோட்ட ஊர். நாடக அரங்கக் கட்டடமும் தப்பவில்லை. அந்த நிலைமையில் புது அரசு ஓபராவை டானோனிடம் ஒப்படைத்தது. ஏறக்குறைய பதினைந்து வருடம் அவர் அதன் இயக்குநர்.

இதில் அரசியல் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போரில் எந்தப் பக்கம் நின்றாய் என்பதுதான் அப்போது முதல் கேள்வி. அந்தப் பக்கம் இருந்து பார்த்தால் லோவ்ரோ ஃபான் மதாச்சிச் ஒரு நல்ல ஒப்பீடு. போருக்கு முன்னால் பெல்கிரேடில் வேலைபார்த்தவர், குரல் வளம் புரிந்த மிகச்சிறந்த ஓபரா நடத்துநர். போரின்போது உஸ்தாஷா அரசின் ராணுவ இசைக்குழுக்களோடு இருந்ததால் போர் முடிந்ததும் சிறைக்குப் போனார். பிறகு ஸ்கோப்யே, ட்ரெஸ்டன், ஃபிராங்க்ஃபர்ட் என்று வெளியே போய்த்தான் பெயரை மீட்டார். கையில் இருந்த வித்தையை மட்டும் எடைபோட்டால் மதாச்சிச் ஒரு படி மேல் என்பது என் எண்ணம். ஆனால் 1944-ல் பதவி அதை வைத்துக் கொடுக்கப்படவில்லை.

அதே சமயம் டானோன் கட்சி போட்ட பொம்மையும் இல்லை. கட்டடம் உடைந்து, ஆட்கள் சிதறிக் கிடந்த இடத்தில் ஒரு முழு ஓபராக் குழுவை அவர் திரட்டினார். மிரோஸ்லாவ் சாங்கலோவிச் என்ற இளம் பேஸ் (ஆழ்ந்த ஆண் குரல்) பாடகர், மெலானியா புகாரினோவிச், வலேரியா ஹேபல், துஷான் போபோவிச், டிராகோ ஸ்தார்ட்ஸ், ஷார்கோ ஸ்வேயிச் என்று ஒரு வரிசை வளர்ந்தது அவர் காலத்தில்தான். ஹ்ரிஸ்திச்சின் 'ஓஹ்ரித் பழங்கதை' பாலே முழுவடிவில் 1947-ல் மேடையேறியதும் அப்போதுதான்; இன்றுவரை செர்பிய பாலேவில் அதைத் தாண்டிப் புகழ்பெற்றது எதுவும் இல்லை. 1950-களில் இவருக்குத் துணையாக க்ரெஷிமிர் பாரனோவிச் இருந்தார். டல்மேஷியக் கடற்கரை ஷிபெனிக்கில் பிறந்த குரோஷியர், ஸாக்ரெப் ஓபராவை முன்னால் நடத்தியவர், பெல்கிரேட் பில்ஹார்மோனிக்கின் தலைமையும் அவரிடம். டானோனைவிடப் பத்தொன்பது வயது மூத்தவர், இசையில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

1948 ஜூனில் நடந்த இரண்டு விஷயங்கள்

இங்கேதான் கதை திரும்புகிறது. ஒரு வார இடைவெளியில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சம்பவங்கள்.

1. 1948 ஜூன் 21: நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனி எல்பி என்ற நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டை அறிமுகம் செய்தது. அதுவரை இருந்த 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் நாலைந்து நிமிடம்தான் அடங்கும். மூன்று மணிநேர ஓபரா என்றால் கிட்டத்தட்ட நாற்பது பக்கம், இருபது தட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்த் திருப்ப வேண்டும். எல்பியில் ஒரு பக்கம் இருபதிலிருந்து முப்பது நிமிடம். மூன்று, நாலு தட்டில் முழு ஓபரா. திடீரென்று முழு ஓபரா என்பது வீட்டுக்கு வாங்கிப்போகக்கூடிய சரக்கு ஆனது. பிரிட்டனில் டெக்கா 1950-ல் எல்பி விற்க ஆரம்பித்து, பட்டியலை நிரப்பப் படைப்புகளைத் தேடி அலைந்தது.

2. 1948 ஜூன் 28: ஸ்டாலினின் கட்டுப்பாட்டில் இருந்த கொமின்ஃபார்ம் என்ற கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பு, யூகோஸ்லாவியக் கம்யூனிஸ்ட் கட்சியை வெளியேற்றியது. டிட்டோ மாஸ்கோ சொன்னபடி ஆடவில்லை என்பதுதான் உண்மையான குற்றம். அடுத்த சில வருடங்கள் யூகோஸ்லாவியா கிழக்கிலிருந்து முற்றுகையிடப்பட்ட நிலையில் இருந்தது, மேற்கிடம் உதவி வாங்கியது.

டானோனின் பாட்டுக்கு என்ன ஆனது? ஸ்டாலின் பெயர் வெட்டப்பட்டது. டிட்டோ மட்டும் மிஞ்சினார். 'மார்ஷல் டிட்டோவோடு' என்ற பெயரில்தான் பிறகு தலைமுறைகள் அதைப் பாடின. மெட்டில் கை வைக்கவில்லை. ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கை மாறியதைக் காட்ட இதைவிடச் சின்ன, இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

கலைக் கொள்கையிலும் இறுக்கம் தளர்ந்தது. 1952-ல் லுப்லியானாவில் நடந்த எழுத்தாளர் மாநாட்டில் குரோஷிய எழுத்தாளர் மிரோஸ்லாவ் க்ர்லேழா, கலை கட்சியின் கொள்கைக்கு உழைக்க வேண்டும் என்ற சோவியத் பாணி சோஷலிச யதார்த்தவாதத்தைப் போட்டுத் தாக்கினார், அரசும் அதைத் தடுக்கவில்லை.

டெக்கா ஏன் வந்தது

இப்போது லண்டனில் உட்கார்ந்து யோசியுங்கள். மேற்கத்திய வாடிக்கையாளர்களுக்கு முழு ரஷ்ய ஓபரா எல்பியில் கிடைப்பது அரிது. பாரிசில் இசாய் தொப்ரோவென் நடத்தி, பல்கேரியரான போரிஸ் கிறிஸ்தோஃப் மூன்று பேஸ் வேடங்களைத் தானே பாடிய 'போரிஸ் கொதுனோவ்' 1952-ல் பதிவானது. அது போட்டிக் கம்பெனியுடையது. மாஸ்கோவுக்கு டெக்காவின் பொறியாளர்கள் கருவிகளோடு போக வழி இல்லை. சோவியத் பதிவுகள் வந்தாலும் ஒலித்தரம் இழுபறி.

மீதி இருக்கும் வாய்ப்புகளை எண்ணிப் பார்த்தால் பெல்கிரேட் ஒன்றுதான் எல்லாக் கட்டத்தையும் நிரப்பியது:

1. ரஷ்ய ஓபராக்களை வழக்கமாகப் போடும் நிரந்தரக் குழு.
2. ரஷ்ய மொழியில் சரளமாகப் பாடக்கூடிய பாடகர்கள்.
3. மேற்கோடு பேசத் தயாராக இருந்த, வெளிநாட்டில் பெயர் வாங்க ஆசைப்பட்ட அரசு.
4. மேலிடத்தில் செல்வாக்கு உள்ள, சொன்னால் காரியம் நடக்கும் இயக்குநர்.

நாலாவது காரணத்தை இசைத்தட்டு உறைகளில் யாரும் எழுதமாட்டார்கள். ஆனால் ஒரு கம்யூனிஸ்ட் நாட்டில் வெளிநாட்டு ஒலிப்பதிவுக் குழுவை அழைத்து, அரசு ஊழியர்களான இருநூறு பேரை வழக்கமான வேலையிலிருந்து விடுவித்து, ராணுவக் கோரஸையும் பாட வைப்பது சாதாரண நடத்துநரால் முடிகிற காரியம் இல்லை. முன்னாள் பார்ட்டிசானால் முடியும்.

1955-ல் மொத்தம் ஏழு ஓபராக்கள் பதிவாயின. டானோன் நடத்தியவை மூன்று: 'யெவ்கெனி ஒனேகின்', 'இளவரசர் ஈகர்', 'ஜாருக்காக ஓர் உயிர்'. பாரனோவிச் நடத்தியவை நாலு: முசோர்க்ஸ்கியின் 'போரிஸ் கொதுனோவ்', 'ஹொவான்ஷ்சினா', சைக்கோவ்ஸ்கியின் 'ஸ்பேட் ராணி', ரிம்ஸ்கி கோர்சகோவின் 'பனிக்கன்னி'. ஏழும் சேர்ந்து ஏறத்தாழ இருபது மணி நேர இசை. ஒரே வருடத்தில் இவ்வளவு பெரிய ரஷ்ய வரிசையை எந்த மேற்கத்தியக் கம்பெனியும் அதுவரை செய்தது இல்லை. சிலவற்றை ஸ்டீரியோவிலும் பதித்தார்கள், கடையில் ஸ்டீரியோ எல்பி விற்பனைக்கு வர இன்னும் மூன்று வருடம் இருந்தபோதே.

வேடிக்கை என்னவென்றால் அதே 1955-ன் மே கடைசியில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் பெல்கிரேடுக்கு வந்து இறங்கி டிட்டோவோடு சமாதானம் பேசினார். மாஸ்கோவோடு பிணக்கு இருந்ததால் திறந்த கதவு வழியாக ரஷ்ய இசை மேற்குக்குப் போய்க்கொண்டிருந்தபோதே பிணக்கும் தீர ஆரம்பித்துவிட்டது.

இன்னொரு முரண்: கிளிங்காவின் ஓபரா சோவியத் யூனியனில் 1939-லிருந்து 'இவான் சுசானின்' என்ற பெயரில்தான் மேடையேறியது, ஜாரைப் புகழும் வரிகளை எல்லாம் மாற்றி எழுதிவிட்டார்கள். டெக்கா உறையில் பழைய பெயர், 'ஜாருக்காக ஓர் உயிர்'. நடத்தியவர் கட்சிக்காரர், பாடியதில் யூகோஸ்லாவிய ராணுவக் கோரஸும் உண்டு.

அதற்குப் பிறகு

இந்தத் தட்டுகள் பெல்கிரேட் ஓபராவுக்கு விசிட்டிங் கார்டு ஆயின. மேற்கு ஐரோப்பிய விழாக்கள் அழைத்தன. உச்சம் 1962 எடின்பர்க் விழா. புரொகோஃபியெவின் 'சூதாடி'யை பிரிட்டன் முதன்முறையாக மேடையில் பார்த்தது பெல்கிரேட் குழுவின் கையால்தான். மாஸ்கோவின் பல்ஷோய் அரங்கம் அந்த ஓபராவை மேடையேற்றியது 1974-ல். ஒரு ரஷ்ய மேதையின் ஓபராவுக்கு பெல்கிரேட் மாஸ்கோவை முந்தியது என்பதை இன்றும் அங்கே கொஞ்சம் பெருமையோடுதான் சொல்வார்கள், சொல்லட்டும்.

டானோன் தனிப்பட்ட முறையில் வெளியே போனார். அமெரிக்காவின் ஆர்சிஏ கம்பெனிக்காக வியன்னா ஸ்டேட் ஓபரா ஆர்கெஸ்ட்ராவோடு யோஹான் ஸ்ட்ராஸின் 'டி ஃபிளேடர்மவுஸ்' பதிவு செய்தார். அன்னலீஸ் ரோத்தன்பெர்கர், எபர்ஹார்ட் வெஷ்டர், ஜார்ஜ் லண்டன், ரிசே ஸ்டீவன்ஸ் என்று அது நட்சத்திரப் பட்டாளம். வியன்னாக்காரர்களுடைய வீட்டுச் சொத்து மாதிரியான இசைக்கு பெல்கிரேட்காரரைக் கூப்பிட்டார்கள் என்பதே ஒரு சான்றிதழ். லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக்கோடும் பதிவுகள் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் லுப்லியானாவில் ஸ்லொவீனிய பில்ஹார்மோனிக்கின் முதன்மை நடத்துநர். பெல்கிரேடில் மாணவர்களுக்கு நடத்துநர் கலை சொல்லிக்கொடுத்தார். 2009-ல், தொண்ணூற்றாறு வயதில், பெல்கிரேடிலேயே இறந்தார்.

ஆனாலும் ஆஸ்திரிய நடத்துநர் கரயான் அளவுக்கோ, ஏன், மதாச்சிச் அளவுக்கோகூட அவர் உலகப் பெயர் ஆகவில்லை. மதாச்சிச் வெளியே தள்ளப்பட்டதால் ஜெர்மானிய அரங்குகளில் வேரூன்றினார், அங்கேதான் ஏஜென்டுகளும் விமர்சகர்களும் இருந்தார்கள். டானோனுக்கு வீட்டில் பதவி இருந்தது, அதனால் வெளியே அவர் கடைசிவரை விருந்தினர்தான். முன்னால் சொன்னேனே, விருந்தினருக்கு அதிகாரம் வராது.

அப்படியானால் செர்பியரா இல்லையா?

குழப்பத்துக்கு நேரடி பதில்:

1. பிறந்த ஊர் இன்றைய போஸ்னியாவில். அதனால் போஸ்னியர் என்கிறார்கள்.
2. பரம்பரை செபார்டிக் யூதம்.
3. வேலை பார்த்ததும் பதவி வகித்ததும் பெரும்பாலும் பெல்கிரேடில், அங்குள்ள தேசிய நாடக அரங்கத்தில். அகராதிகள் அவரைச் செர்பிய நடத்துநர் என்று போடுவது இந்தக் கணக்கில்.
4. தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதியில் அவர் கையில் இருந்தது யூகோஸ்லாவியப் பாஸ்போர்ட், 1990-களில் உடைந்துபோன நாடு அது.

நாடு உடைந்த பிறகு ஒவ்வொரு குடியரசும் பழைய பெரிய பெயர்களைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. என் பார்வையில் இரண்டாவது, நாலாவது பதில்களை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் அவருடைய வாழ்க்கையின் பாதி காணாமல் போய்விடும். 'பெல்கிரேட் ரெக்கார்டிங்' என்று கொண்டாடப்படும் ஏழையும் நடத்திய இருவரில் ஒருவர் சரயேவோ யூதர், இன்னொருவர் ஷிபெனிக் குரோஷியர் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கேட்கப் போகிறவர்களுக்கு

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆர்கெஸ்ட்ரா முதல்தரம் இல்லை. வயலின்கள் மெலிந்து ஒலிக்கும், பித்தளை ஊதுகருவிகள் சில இடங்களில் முரட்டுத்தனம். பெண் குரல்களில் ஸ்லாவிய அரங்குகளுக்கே உரிய நடுக்கம் இருக்கிறது, பழக்கம் இல்லாத காதுக்கு அது உறுத்தும்.

ஆனால் 'ஒனேகின்' போட்டுப் பாருங்கள். டானோன் அழுதுவடிய விடாமல், நாடகமாக, பேச்சு வேகத்தில் நடத்துகிறார். டிராகோ ஸ்தார்ட்ஸ் லென்ஸ்கியாகப் பாடும் சண்டைக்கு முந்தைய பாட்டில் ஆர்கெஸ்ட்ரா அவருக்காக மூச்சுவிட்டுக் காத்திருப்பது கேட்கும்; பத்து வருடம் ஒரே பள்ளத்திலும் மேடையிலும் இருந்தவர்களுக்கு மட்டும் வரும் பழக்கம் அது. 'ஜாருக்காக ஓர் உயிர்' எடுத்தால் நேராக நாலாவது அங்கத்துக்குப் போகலாம். காட்டுக்குள் எதிரிப் படையை வழிதவற வைத்துவிட்டு விடியலுக்காகக் காத்திருக்கும் சுசானினாக சாங்கலோவிச். அப்போது அவருக்கு வயது முப்பத்துநாலுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ, ஆனால் குரலில் ஒரு கிழவன் உட்கார்ந்திருக்கிறான். நாலு ஓபராக்களை நடத்திய பாரனோவிச்சோடு ஒப்பிட விரும்புகிறவர்கள் அதற்கு அடுத்து 'ஹொவான்ஷ்சினா' கேட்கலாம். அங்கே வேகம் குறைவு, கோரஸ் இன்னும் பிரம்மாண்டம்.